மழையில் தண்ணீர் ஊற்றச் சொன்னவர்

நட்டுவிட்டுப் போகிறவர் என்று ஒரு ரகம் உண்டு. உங்களுக்குத் தெரியும். கையில் மண் படாமல் கன்று நடுவார். போட்டோவுக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் மண்ணை எடுத்து நெற்றியில் ஈஷிக்கொள்வார்.

எங்கள் மரக்காணத்துக்கு வந்தவர் சித்தார்த்தன் சார். சுனாமி வந்துபோன மறுவருஷம், மழைக்குக் கொஞ்சம் முன்னால் அது. ஜீப்போடு வந்தார், தொப்பியோடு வந்தார், பேனரோடு வந்தார், பேனரைப் பிடிக்க நாங்கள் இருந்தோம். கடலோரம் முழுக்கச் சவுக்குக் கன்று வைத்தால் அடுத்த அலையை மரம் தடுக்கும், கன்றுக்குத் தண்ணீர் ஊற்றினால் ஏழைக்குக் கூலி கிடைக்கும், மரமும் நிமிரும், குடும்பமும் நிமிரும் என்று அவர் கையை விரித்துப் பேசியபோது, நல்ல மனுஷன் என்றுதான் எனக்குத் தோன்றியது. நல்ல மனுஷன்தான். அதில் சந்தேகமே இல்லை.

"உங்களுக்கு எந்த மாசம் கஷ்டம்?" என்று கேட்டார்.

"மழை மாசந்தான் சார்," என்றாள் வேலம்மாள். உப்பளத்தில் உப்பு வாருகிறவள். "பாத்தியெல்லாம் மழைத்தண்ணி நின்னுடும். தை வரைக்கும் வேலையே இருக்காது. அடுப்பு எரியாதுங்க."

சார் உருகிவிட்டார். அங்கேயே முடிவு செய்தார்: ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாசமும் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை.

அப்புறம் என்ன? அடைமழை கொட்டுகிறது, தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, இடுப்பில் குடத்தோடு, வெள்ளத்தில் நிற்கிற கன்றுக்கு வேலம்மாள் தண்ணீர் ஊற்றுகிறாள். அவள் கொழுந்தன் தேசப்பனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஏன் அண்ணி, அதுவே முழுகிக் கெடக்குது. நீ வேற அமுக்கறியா?"

"வாயை மூடுடா! சார் காதுல வுழுந்து வேலைய நிறுத்திட்டாருன்னா, சோறு நீ போடுவியா?"

குடைக்குள்ளிருந்து சார் சொன்னார்: "மெதுவா ஊத்தும்மா. வேருல படணும்."

மாசி பிறந்தது. வெயில் ஏறியது. கன்றுகள் வெளுத்தன. வேலம்மாளே போய்க் கேட்டாள்.

"இப்பதான் சார் ஊத்தணும். உப்பு வேலை காலையிலயே முடிஞ்சிடுது. சாயந்திரம் நாங்க ஊத்தறோம், கூலி குடுங்க."

"இப்ப உனக்கு உப்பு வேலை இருக்குதேம்மா," என்றார் சார், நிஜமான வருத்தத்தோடு. "திட்டம் ஏழைங்களுக்குத்தான். இப்ப நீ ஏழை இல்லையே?"

சித்திரைக்குள் கன்றுகள் சுள்ளியாயின. வேலம்மாள் பொறுக்கிவந்து உலை வைத்தாள். அந்த வகையில் மரம் ஏழைக்கு உதவியது, பொய் சொல்லக்கூடாது.

அடுத்த ஐப்பசியில் சார் மறுபடி வந்தார். அதே குழி, புதுக் கன்று, புதுத் தொப்பி. மழை தூறத் தொடங்கியதும் குடத்தோடு முதல் ஆளாக நின்றாள் வேலம்மாள். சார் வாயைத் திறக்கும் முன்பே சொன்னாள்: "மெதுவா ஊத்தறேன் சார். வேருல படும்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டில் பிள்ளை பிறந்தபோது வாசலில் ஒரு கன்று நட்டு, தெருவையே கூப்பிட்டுக் காட்டினீர்களே, அதற்கு நேற்று யார் தண்ணீர் ஊற்றியது? எழுந்துபோய்ப் பாருங்கள். என் தென்னங்கன்றை நானும் போய்ப் பார்ப்பேன்தான். என்ன செய்ய, மடியில் பேத்தி தூங்குகிறாள். அவள் பேரில் நட்டதுதானே? வளர்ந்து அவளே ஊற்றிக்கொள்வாள்.