தலையாட்டிய இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு

மதிப்பிற்குரிய இன்ஸ்பெக்டர் கௌசர் அம்மா அவர்களுக்கு,

ஐஸ் ஃபேக்டரி பின்சந்தில் குடியிருக்கும் வால்டர் மகள் கரோலின் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் நலம். தாங்களும், தங்கள் வீட்டாரும், ஸ்டேஷனில் வேலை செய்பவர்களும், அங்கே பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டிருப்பவர்களும் நலமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். அன்றைக்குக் கூட்டத்தில் பூமாரி பெரியம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்ற பெண் நான்தான். "உன் பேர் என்னம்மா?" என்று நீங்கள் அன்பாகக் கேட்டும் எனக்கு வாய் வரவில்லை. ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டு இறால் உரிக்கப் போகிறேன். இறாலிடம் பேச வேண்டியதில்லை. அதனால் நன்றியை எழுதியே தருகிறேன்.

நீங்கள் வருவதற்கு முன்பு இருந்த நிலைமையைச் சொன்னால்தான் நன்றியின் அளவு தெரியும். என் அக்கா ஜானட்டைக் கட்டிய மாமா மிசோரம்காரர், பேர் தாங்கா. ஐஸ் உடைக்கிற வேலை. தமிழில் எங்களைவிட நன்றாகத் திட்டுவார், சுறாப் புட்டு என்றால் எங்களுக்கு மிச்சம் வைக்க மாட்டார், ஆனால் முகம் மட்டும் அவர் ஊர் முகம். சந்தில் செல்போன் காணாமல் போனாலும், படகில் டீசல் குறைந்தாலும், யார் வீட்டு நாயோ வழி தவறினாலும் ஜீப் நேராக எங்கள் வாசலில்தான் வந்து நிற்கும். ஒருமுறை ஏட்டு அருள்பிரகாசம் ஐயா பாஸ்போர்ட் கேட்டார், மாமா ஆதார் அட்டையை நீட்டினார், ஐயா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, இதுலயும் அதே மூஞ்சிதான கீது!" என்று கோபித்துக்கொண்டு ஜீப்பில் ஏற்றினார். எங்கே கொண்டுபோகிறோம் என்றும் சொல்லவில்லை, எதற்கு என்றும் சொல்லவில்லை. வயிற்றுப் பிள்ளையோடு அக்கா ஒவ்வொரு ஸ்டேஷனாக ஏறி இறங்கி, கால் வீங்கி வந்து உட்கார்ந்து, "வலி எடுக்கற அன்னிக்கு இவர நான் எங்கன்னு தேடுவேன்?" என்று அழுதாள். அப்பா போய்க் கேட்டதற்கு, "நேபாளத்துல போய்க் கேளு நைனா" என்று பதில் வந்தது. மிசோரம் எங்கே, நேபாளம் எங்கே என்று அப்பாவுக்கும் தெரியாததால் அவரும் சரியென்று திரும்பி வந்துவிட்டார். மூன்றாம் நாள் மாமாவே நடந்து வந்து சேர்ந்தார், ஏன் விட்டார்கள் என்றும் சொல்லவில்லை.

அப்போதுதான் நீங்கள் மாற்றலாகி வந்து, போலீஸ் எப்படி நடக்க வேண்டும் என்று மக்களே சொல்லுங்கள் என்று கூட்டம் போட்டீர்கள். அங்கே நடந்த குழப்பத்துக்கு எங்களை மன்னிக்க வேண்டும். பூமாரி பெரியம்மா காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர். ஏலத்தில் யாரும் வாயைத் திறந்து கேட்க மாட்டார்கள், தலையை ஆட்டினால் கேட்டதாக அர்த்தம். மூன்று தரம் சொல்லியாகிவிட்டால் யாராலும் பின்வாங்க முடியாது, பின்வாங்கினால் அவருக்கு அப்புறம் ஒரு நெத்திலிகூடக் கிடைக்காது. நீங்களோ படித்தவர்கள் வழக்கப்படி, கவனமாகக் கேட்கிறேன் என்பதற்காகத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தீர்கள். யாரையாவது விசாரணைக்குக் கூட்டிப்போனால் ஒரு நாளைக்குள் வீட்டுக்குத் தகவல் வரும் என்றீர்கள். பெரியம்மா உடனே ஏலத்தைத் தொடங்கிவிட்டார்.

"ஒரு நாளா? அதுக்குள்ள எறாவே நாறிப்பூடும் மேடம்! அரை நாளு!"

ஆட்டினீர்கள்.

"ரெண்டு மணி நேரம்!"

ஆட்டினீர்கள்.

"ஒரு மணி நேரம்!"

ஏட்டையா இந்தப் பக்கத்துக்காரர் ஆனதால் விஷயம் புரிந்து, "மேடம், மேடம், தலைய ஆட்டாதீங்க!" என்று ஓடி வந்தார். அவர் சொல்வது சரிதான் என்று அதற்கும் ஆட்டினீர்கள். "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!" என்று பெரியம்மா மேசையில் தட்டிவிட்டார். அதே மாதிரிதான் எதற்காகப் பிடித்தோம் என்று காரணம் எழுதிக் கையெழுத்துப் போடுவதும், வாடா போடா இல்லாமல் பேசுவதும் முடிவாயின. நீங்கள் சிரித்துவிட்டு, "சரி, சொன்னது சொன்னதுதான்" என்றீர்களே, அந்த இடத்தில்தான் அக்கா அழுதாள்.

சொன்னதைக் காப்பாற்றியும் விட்டீர்கள். அடுத்த வாரமே ஏட்டையா மாமாவைப் பார்த்து, "வாங்க சார், உக்காருங்க சார்" என்றாராம். அடிதான் விழப்போகிறது என்று நினைத்து மாமாவுக்கு வியர்த்துவிட்டது. ஐஸ் வண்டியைத் தப்பான பக்கத்தில் ஓட்டிவந்தார் என்று காரணம் எழுதி, ஒரு மணி நேரத்துக்குள் வீட்டுக்கு ஃபோனும் வந்தது. வண்டியைத் தப்பாக ஓட்டியது உண்மைதான். மாமா உண்மையிலேயே செய்த தப்புக்காக அவரைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, பாயசம் வைத்துச் சந்து முழுக்கக் கொடுத்தாள். "இப்பதான்டா நீ நம்ம ஊரு ஆளு" என்று அப்பா மாமாவைக் கட்டிப்பிடித்தார்.

ஆகையால் எங்கள் குடும்பத்தின் நன்றியை ஏற்றுக்கொள்ளுங்கள். மாதா உங்களுக்கு நீண்ட ஆயுளும், நல்ல பதவி உயர்வும், அது கிடைத்த பிறகும் இதே ஸ்டேஷனும் தரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
வா. கரோலின்

பி.கு.: தாளை மடிக்கும்போது ஏட்டையாவிடமிருந்து ஃபோன். அக்கா படுத்திருந்ததால் நான் எடுத்தேன். "யம்மா, உங்க மாமாவ இட்டாந்துகீறோம். இன்னும் ஒரு மணி நேரம் ஆவல, டயம் பாத்துக்கோ. எங்கயோ பைக்கு காணோமாம். காரணம் எழுதிட்டேன், படிக்கிறேன் கேளு: முகத்தைப் பார்த்ததில் சந்தேகம். கீழ கையெழுத்தும் போட்டேன். எல்லாம் கரீட்டா கீதா?" என்றார். நீங்கள் தலையாட்டிய ஒவ்வொன்றும் ஒரு குறையில்லாமல் நடந்திருக்கிறது. "இல்ல சார், கரீட்டா இல்ல" என்று சொன்னது நான்தான் என்று எனக்கே நம்ப முடியவில்லை. முகத்தைப் பார்த்துப் பிடிக்கக் கூடாது என்பதை அன்றைக்கு ஏலத்தில் சேர்க்க விட்டுப்போய்விட்டது. அக்காவுக்குப் பிரசவத்துக்கு நாளை மறுநாள் தேதி கொடுத்திருக்கிறார்கள். ஆகையால் மேலே எழுதிய நன்றியை இப்போதைக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். பூமாரி பெரியம்மா ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டார். இந்த முறை நான் அவருக்கு முன்னால் நிற்பேன். கேட்கப்போவது ஒன்றே ஒன்று. தயவுசெய்து தலையை ஆட்டுங்கள்.