ஏழில் முடியும் கூட்டம்

லோவல் ஹாஸ்கின்ஸ் அந்தக் கடிதத்தை மூன்றாவது முறை படித்தபோதும் அதிலிருந்த எண் குறையவில்லை. பதினைந்தாயிரம்.

பெல்மர் கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணியை மேல் பிரிவில் சேர்த்துக்கொள்ளக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்துக்கு விருப்பமாம். இத்தனை சின்ன ஊரில் வாராவாரம் திரளும் கூட்டம் அவர்களைக் கவர்ந்துவிட்டதாம். ஒரு சம்பிரதாயம் மட்டும் பாக்கி. வருகிற சனிக்கிழமை ஆட்டத்துக்குச் சங்கத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து தலைகளை எண்ணுவார். பதினைந்தாயிரம் தேறினால் போதும்.

பெல்மரின் மொத்த ஜனத்தொகை நாலாயிரத்துச் சொச்சம். அதில் கைக்குழந்தைகளும், ஃபுட்பால் என்றாலே கதவைச் சாத்திக்கொள்ளும் பல் டாக்டரும் அடக்கம்.

கல்லூரித் தலைவர் டாக்டர் பிங்காம் அவன் தோளில் தட்டி, "எல்லாம் உன் வாய் முகூர்த்தம்தான்யா, லோவல்" என்றார். அது எவ்வளவு உண்மை என்று அவருக்குத் தெரியாது.

லோவலுக்கு வேலை, மைதானத்தின் உச்சியில் இருந்த மரக்கூண்டில் உட்கார்ந்து மைக்கில் பேசுவது. யார் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், யார் மேல் யார் விழுந்தார்கள் என்று சொல்வான். கடைசிக் கால்மணி ஆட்டத்தின்போது அன்றைய கூட்டம் எத்தனை என்று அறிவிப்பான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஒரு மழை நாளில், வாசலில் கொடுத்த எண்ணை அப்படியே படித்தான். எண்ணூற்றுப் பன்னிரண்டு. கீழே எண்ணூற்றுப் பன்னிரண்டு தலைகளும் ஒன்றாகத் தொங்கியதைப் பார்த்தான். தங்களைத் தவிர யாருமே வரவில்லை என்று அவர்களுக்கு அப்போதுதான் உறைத்தது போலிருந்தது.

அடுத்த வாரம் அவன் வாசலில் கேட்கவில்லை. வானத்தைப் பார்த்தான். நதிக்கரை மேப்பிள் மரங்கள் இலையெல்லாம் சிவந்து தீப்பற்றியதுபோல் நின்றன. அவற்றின்மேல் ஒரு வாத்துக்கூட்டம் தெற்கே போனது. அவனுக்குள் ஓர் எண் மெல்ல வந்து உட்கார்ந்தது. மூவாயிரத்து இருநூற்றுப் பதினேழு. சொன்னான். ஜனங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பக்கத்தில் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அணி நாற்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்றுக்கொண்டிருந்தது, ஆனால் கைதட்டல் நதிக்கு அக்கரை வரை கேட்டது.

பதினோரு வருடங்களாக அப்படித்தான். இருக்கைகள் ஆறாயிரம்தான். ஆனால் பின்னால் ஒரு புல்மேடு இருந்தது. அங்கே கம்பளம் விரித்து உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பது ஊர் வழக்கம். மேட்டில் எத்தனை பேர் கொள்ளும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. லோவலின் எண்கள் வளர்ந்ததெல்லாம் அந்த மேட்டில்தான்.

இந்த ரகசியம் அவன் மனைவி மேவிஸுக்கு மட்டும் தெரியும். எண் ஏன் எப்போதும் ஏழில் முடிகிறது என்று ஒருமுறை கேட்டாள்.

"சைபர்ல முடிஞ்சா யோசிச்சுச் சொன்ன மாதிரி இருக்கும். ஏழுல முடிஞ்சாத்தான் எண்ணிச் சொன்ன மாதிரி இருக்கும்" என்றான்.

இப்போது கடிதத்தைப் படித்துவிட்டு அவள் சொன்னாள்: "பேசாம பிங்காம்கிட்ட போய் உண்மையச் சொல்லிடு."

"ஊரே பதினோரு வருஷமா என்னை நம்பிச்சு, மேவிஸ். அவங்க பெரிய கூட்டத்துல உட்கார்ந்திருக்கறதா நினைச்சாங்க. அதை எப்படி நான் திரும்ப வாங்கறது?"

இருந்தாலும் புதன்கிழமை போனான். டாக்டர் பிங்காம் மேசை முழுக்கப் புது மைதானத்தின் வரைபடத்தை விரித்திருந்தார். அதில் பென்சிலில் சின்னச் சின்ன மனிதர்கள், ஆயிரக்கணக்கில். லோவல், சோள அறுப்புக் காலம், இந்தச் சனிக்கிழமை கூட்டம் கொஞ்சம் மட்டாக இருக்கலாம் என்று மட்டும் சொன்னான்.

"அப்ப வர்றவங்களுக்கெல்லாம் ஆப்பிள் பை இலவசம்னு போட்டுடு" என்றார் தலைவர், தலை நிமிராமல்.

போட்டான். ஆப்பிளை மாவுக்குள் பொதிந்து சுடும் அந்தப் பலகாரத்தில் பதினைந்தாயிரம் துண்டுகள் வேண்டும் என்று லூத்தரன் சர்ச் பெண்கள் கணக்கிட்டார்கள். ஆட்டத்துக்குத் தவறாமல் வருகிற முந்நூறு பெண்களும் சனிக்கிழமை சர்ச் சமையலறையை விட்டு நகர முடியாது என்று கைவிரித்தார்கள். அவர்கள் வராததால் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள முந்நூறு கணவர்கள் வீட்டில் தங்குவதாக முடிவாயிற்று. ஒரே நாளில் அறுநூறு பேரைக் குறைத்திருந்தான் லோவல்.

வியாழக்கிழமை, எதிரணிக் கல்லூரியின் அறிவிப்பாளருக்குத் தொலைபேசினான். உங்கள் ஊரிலிருந்து எத்தனை பேர் வருவார்கள்?

"எங்க ரசிகர்களைச் சொல்றீங்களா? பன்னிரண்டாயிரத்து எண்ணூத்தி முப்பத்தேழு பேர்" என்றது அந்தக் குரல், சற்றும் தயங்காமல்.

அன்று மாலை லோவல் விசிலடித்தபடி வீட்டுக்கு வந்தான். வெள்ளிக்கிழமை அந்தக் கல்லூரியிலிருந்து ஒரு தாள் வந்தது. பேருந்து நிறுத்த இடம் வேண்டுமாம். இரண்டு பேருந்துகளுக்கு.

கடைசி வழி, வாத்தியக் குழுக்கள். மாவட்டத்தில் இருந்த உயர்நிலைப் பள்ளிகளையெல்லாம் அழைத்தான். வாருங்கள், இடைவேளையில் எல்லோரும் சேர்ந்து மைதானத்தில் வாசியுங்கள். இருபத்திரண்டு பள்ளிகள் ஒப்புக்கொண்டன. பெற்றோர்களும் கூட வருவார்கள் என்பது அவன் எண்ணம். ட்யூபா என்கிற அந்தப் பெரிய பித்தளை வாத்தியத்துக்கு மட்டும் மூன்று இருக்கை வேண்டும் என்பது சனிக்கிழமை மதியம்தான் தெரிந்தது. வாத்தியங்கள் உட்கார்ந்தன. கொண்டுவந்தவர்கள் நின்றார்கள்.

அப்புறம் மூடுபனி வந்தது.

அது நதியிலிருந்து எழுந்து, வேலியைத் தாண்டி, அவசரமில்லாமல் படி ஏறி வந்து இருக்கைகளில் உட்கார்ந்தது. முதலில் மேடு மறைந்தது. பிறகு கோல் கம்பங்கள். கொஞ்ச நேரத்தில் மைதானமே ஒரு கோப்பைப் பால்போல் ஆகிவிட்டது. உள்ளே எங்கோ தலைக்கவசங்கள் மோதும் சத்தம் மட்டும் கேட்டது. லோவல் தனக்குத் தோன்றியதை அறிவித்துக்கொண்டிருந்தான்.

சங்கத்து அதிகாரி அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். திருமதி டால்க்விஸ்ட். அறுபது வயது, சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு, மடியில் ஒரு தட்டில் ஆப்பிள் பை. கைக்குள் அடங்கும் ஓர் இரும்புக் கருவியைப் பனியைப் பார்த்து அமுக்கிக்கொண்டே இருந்தார். டிக். டிக். டிக். ஒவ்வொரு சத்தமும் லோவலின் விலா எலும்பில் விழுந்தது.

"பனியில ஏதாவது தெரியுதா, மேடம்?"

"பழகிடுச்சு, தம்பி. இந்தப் பைல லவங்கப்பட்டையை யாரோ தாராளமாப் போட்டிருக்காங்க" என்றார் அந்த அம்மாள். டிக்.

இடைவேளையில் இருபத்திரண்டு குழுக்களும் மைதானத்துக்குள் இறங்கின. இறங்கியதும் தொலைந்தன. ஒவ்வொரு குழுவும் வழிதவறிய தன் ஆட்களுக்கு அடையாளம் தெரிய வேண்டுமென்று தன் பாட்டை உரக்க வாசித்தது. இருபத்திரண்டு பாட்டுகள் பனிக்குள் ஒன்றையொன்று தேடி அலைந்தன. எதிரணிப் பயிற்சியாளர் ஒரு மேளத்தில் தடுக்கி விழுந்ததாகச் செய்தி வந்தது. பிள்ளைகளைத் தேடிப் பெற்றோர்கள் இறங்கினார்கள். பெற்றோர்களைத் தேடி மற்றவர்கள் இறங்கினார்கள். எதற்கென்று தெரியாமலே மேட்டிலிருந்தவர்களும் கம்பளங்களைப் போர்த்துக்கொண்டு இறங்கினார்கள். இடைவேளை முக்கால் மணி நேரம் ஓடியும் இரண்டாம் பாதியைத் தொடங்க வழியில்லை. நடுவர்களையே காணவில்லை.

கூண்டின் தொலைபேசியை எடுத்தான் லோவல். வாசலில் டிக்கெட் கிழிக்கும் வெர்னா பேசினாள்.

"வெர்னா, இன்னிக்கு உள்ள வந்தவங்க மொத்தம் எத்தனை?"

"பதினோரு வருஷத்துல நீ இதைக் கேட்கறது இதுதான் ரெண்டாவது தடவை" என்றாள். "நாலாயிரம். பள்ளிக்கூடப் பசங்களையும் சேர்த்து. ஒண்ணு கூடவும் இல்ல, குறையவும் இல்ல. நானே நம்பாம ரெண்டு தடவை எண்ணினேன்."

அவன் தொலைபேசியை வைத்தபோது ஒரு காற்று வந்து பனியைத் திரைச்சீலைபோல் ஒரு பக்கம் ஒதுக்கியது. எதிரே ஆறாயிரம் இருக்கைகள். ஒன்றிலும் ஆளில்லை. வரிசை வரிசையாகக் காகிதத் தட்டுகளில் பாதி தின்ற ஆப்பிள் பை மட்டும் உட்கார்ந்திருந்தது. திருமதி டால்க்விஸ்ட் அதை நன்றாகப் பார்த்தார். டிக், என்றது கருவி. திரை மறுபடி மூடிக்கொண்டது.

கீழே வாசிப்பு ஒவ்வொன்றாக ஓய்ந்தது. கடைசியாக ஒரு கிளாரினெட் மட்டும் வழி கேட்பதுபோல் வாசித்து அதுவும் நின்றது. டாக்டர் பிங்காமின் குரல் பனிக்குள்ளிருந்து வந்தது. "லோவல், இனி ஆட்டம் நடக்காது போல, எண்ணையாவது சொல்லுய்யா. எல்லாரும் காத்திருக்கோம்."

அவர்கள் முகங்கள் தெரியவில்லை. ஆனால் அத்தனையும் கூண்டை நோக்கித் திரும்பியிருப்பது அவனுக்குத் தெரிந்தது. வானத்தைப் பார்த்தான். வானம் இல்லை. எந்த எண்ணும் வந்து உட்காரவில்லை. பக்கத்தில் எண்ணிக்கொண்டிருப்பவரிடம் எண்ணிக்கையில் எப்படிப் பொய் சொல்வது? மேவிஸ் சொன்னது நினைவுக்கு வந்தது. இந்த ஊர் இனி தன்னிடம் பேசாது, வேறு ஊரில் வேறு மைக் கிடைக்காது என்று தெரிந்தே மைக்கைக் கிட்டே இழுத்தான்.

"இன்னிக்குக் கூட்டம்," என்று ஆரம்பித்தான். "நாலாயிரம். சரியா நாலாயிரம் பேர். இதுக்கு முன்னால சொன்னதெல்லாம் நானா இட்டுக்கட்டினது. என்னை மன்னிச்சிடுங்க."

எங்கோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். அது பரவியது. கொஞ்ச நேரத்தில் மைதானம் முழுக்க வயிறு குலுங்கச் சிரித்தது. "நாலாயிரமாம், சரியா நாலாயிரமாம்" என்று யாரோ திருப்பிச் சொன்னார்கள். "எங்க குடும்பமே அவ்வளவு இருக்கும்யா" என்று பதில் வந்தது. பிறகு கைதட்டல், பதினோரு வருடத்தில் கேட்காத கைதட்டல். ட்யூபாக்கள் எல்லாம் ஒன்றாக முழங்கின.

லோவல் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"மேடம், நான் விளையாட்டுக்குச் சொல்லல. நிஜமாவே நாலாயிரம்தான். நீங்களாவது நம்பணும்."

திருமதி டால்க்விஸ்ட் தட்டிலிருந்த கடைசித் துணுக்கையும் விரலால் ஒற்றி எடுத்துத் தின்றார். எண்ணும் கருவியை மேசையில் வைத்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். அப்போதுதான் லோவல் அதன் கண்ணாடியைப் பார்த்தான். இவ்வளவு நேரம் அமுக்கியும் உள்ளே ஐந்து சைபர்களும் அசையாமல் துருவேறி நின்றிருந்தன. அந்த அம்மாள் ஜன்னல் வழியே, வானம் இருக்க வேண்டிய இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சைபர்ல முடிஞ்சா யாரு நம்புவாங்க, தம்பி? பதினைஞ்சாயிரத்து நானூத்திப் பதினேழுன்னு போட்டுடறேன். இதுவரைக்கும் நான் மேல் பிரிவுக்கு அனுப்பிவெச்ச எல்லாக் காலேஜுக்கும் ஏழுலதான் முடிச்சிருக்கேன்."