இரண்டு காட்டேஜ், மூன்று பை, ஒரு மாமனார்

கார் எப்படி முன்னால் போய்ச் சேரும் என்பதுதான் சிக்கல்.

அட்டவணையார் சாப்பாட்டு மேசை முழுக்க ஒரு சார்ட் பேப்பரை விரித்து, ஸ்கேல் வைத்து ஒரு நேர்க்கோடு இழுத்திருந்தார். இடது நுனியில் நீலக் கதவு வீடு. வலது நுனியில் சிவப்பு ஓட்டு வீடு. இரண்டும் கடலோரக் காட்டேஜ்கள். நடுவில் கரையை ஒட்டிய நடைபாதை, பதினான்கு கிலோமீட்டர். முதல் வீட்டில் ஒரு ராத்திரி தங்கி, காலையில் அவரும் மனைவியும் நடக்க ஆரம்பித்தால், சாயங்காலம் இரண்டாவது வீட்டில் காலை நீட்டலாம்.

அதுவரை சரி. ஆனால் மூன்று பைகளும் ஒரு மாமனாரும் நடக்க மாட்டார்கள். அவர்கள் காரில்தான் வர வேண்டும். கார் ஓட்டத் தெரிந்தவர் வீட்டில் ஒருவர்தான். அந்த ஒருவர் நடந்துகொண்டிருப்பார்.

அழிரப்பர்தான் கார். உப்பு டப்பாதான் மாமனார். அட்டவணையார் உப்பு டப்பாவை ரப்பர் மேல் ஏற்றிக் கோட்டின் வலது நுனிக்குத் தள்ளினார். தள்ளிய விரல் அவருடையது, அவரோ இடது நுனியிலிருந்து நடந்து வர வேண்டியவர். மறுபடி பின்னால் இழுத்தார்.

எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மாமனார் கேட்டார். "நான் உப்பு டப்பாவா மாப்பிள்ளை?"

"அடையாளத்துக்குத்தான் மாமா."

"சரி. மூடியையாவது திறந்து வைங்க. மூச்சு முட்டுது."

அட்டவணையாருக்கு அந்தப் பெயர் வைத்தவர்கள் பஸ் டிப்போவின் ஓட்டுநர்கள். எந்த பஸ் எங்கே, எப்போது நிற்க வேண்டும் என்று வகுப்பது அவர் வேலை. அந்த வேலையில் முதலில் பழகுவது ரோட்டை நிமிர்த்துவது. ரோடு குன்றைச் சுற்றலாம், ஏரியைச் சுற்றலாம், நாலு தடவை நெளிந்து வளைந்து கிறுகிறுக்க வைக்கலாம். தாளில் அது ஒரு கோடு, நிறுத்தங்கள் புள்ளிகள். எதற்குப் பின்னால் எது, இடையில் எவ்வளவு தூரம், இந்த இரண்டும் தெரிந்தால் அட்டவணை போட்டுவிடலாம். வளைவுகளைக் கவனிக்கத்தான் ஓட்டுநருக்குச் சம்பளம். யோசித்துப் பார்த்தால் அழகான ஏற்பாடு. ஒரு நகரமே அதை நம்பித்தான் ஆபீசுக்குப் போகிறது.

மனைவிக்கு வேலை தபால் நிலையத்தில், பதிவுத் தபால் கவுன்ட்டரில். மற்றவர்களின் உறைகள் ஊர் ஊராகப் போவதைக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பவர். இந்தப் பயணத்துக்கு அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று.

"கிளம்பின வாசலுக்கே திரும்பி வர்றதை நான் தினமும் செய்யறேன். அதுக்கு லீவு எதுக்கு? ஒரு தடவையாவது ஒரு வாசல்ல கிளம்பி இன்னொரு வாசல்ல போய் நிக்கணும்."

சும்மா சொல்லவில்லை. புது ஷூ வாங்கி, இரண்டு மாதமாகப் பார்க்கில் நடந்து பழகிக்கொண்டிருந்தார். குதிகாலில் கொப்புளம் வந்து, உடைந்து, ஆறியும் போய்விட்டது.

காட்டேஜ்களைத் தேர்ந்தெடுத்ததே பெரும்பாடு. மாமனாருக்கு மூட்டு ஆபரேஷன் ஆகியிருந்ததால் படி ஏறக் கூடாது. முதலில் பிடித்துப்போன வீட்டில் படுக்கை பரண் மேல் இருந்தது, ஏணி வழி. அடுத்ததில் கடல் தெரியும் என்று போட்டிருந்தார்கள். குளியலறை ஸ்டூல் மேல் ஏறி நின்றால் தெரியுமாம். இப்படிக் கழித்துக் கழித்து மிஞ்சியவை இந்த இரண்டும்தான். இரண்டிலும் எல்லாமே தரைத்தளம், சாய்வு நாற்காலி, வாசலில் கடல். இரண்டுக்கும் முன்பணம் கட்டியாகிவிட்டது.

மீதி இருந்தது ரப்பரும் உப்பு டப்பாவும்தான்.

"ஏழு மணிக்கு என் தம்பி வர்றான். அதுக்குள்ள முடிவு சொல்லுங்க" என்றார் மனைவி.

தம்பி என்றால் ரிசார்ட். எல்லாரும் சேர்ந்து போகலாம் என்று ஒரு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தார். அங்கே கடலைப் பார்த்தபடி நடக்கலாமாம். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம், டிரெட்மில்லில்.

"கண்டுபிடிச்சிட்டேன்!" என்றார் அட்டவணையார். "விடிகாலையில நான் மாமாவையும் பையையும் கார்ல கொண்டுபோய் அங்க விடறேன். காரை அங்கயே நிறுத்திட்டு பஸ்ல திரும்பி வர்றேன். அப்புறம் ரெண்டு பேரும் நடக்கறோம்."

போனிடம் தூரத்தைக் கேட்டார். ரோடு வழியாக இருபத்தாறு கிலோமீட்டர் என்றது. அந்தப் பக்கத்து பஸ் நேரங்களைத் தேடி எடுத்தார். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ்.

"எவன் போட்டான் இந்த அட்டவணையை?" என்று தொழில்முறையில் கொதித்தார். "ரெண்டுக்கும் நடுவுல எட்டு மணி நேரம் இடைவெளி!"

"காலை பஸ் எத்தனை மணிக்கு வந்து சேரும்?"

"பன்னெண்டுக்கு."

"நடக்க ஆரம்பிச்சு?"

"போய்ச் சேர கொஞ்சம் இருட்டிடும்."

"அப்போ கடலை டார்ச் அடிச்சுப் பார்க்கணுமா?"

அடுத்தது வேன். சாமான் ஏற்றும் வேன்காரர் ஒருவரின் நம்பர் கிடைத்தது. அட்டவணையார் ஸ்பீக்கரில் போட்டு விவரமாகச் சொன்னார்.

"மூணு பைதானே, ஏத்திடலாம் சார்."

"கூட ஒரு பெரியவர் வருவார். முன் சீட்டுல உக்காருவார்."

"முன் சீட்டுல எங்க வீட்டுக்காரம்மா சார். எங்க போனாலும் வருவாங்க. பெரியவரைப் பின்னால பையோட உக்கார வெச்சிடலாம். எவ்வளவு எடை இருப்பார்?"

"எதுக்குங்க?"

"எடைக்குத்தான் சார் ரேட்டு."

மாமனார் எழுந்து போனுக்குப் பக்கத்தில் வந்தார். "தம்பி, என் மேல 'கவனமாகக் கையாளவும்'னு ஸ்டிக்கரும் ஒட்டுவியா?"

"ஒட்டலாம்யா, அதுக்குத் தனியா எதுவும் வேணாம்."

வேன் ரத்தானது. அதற்குள் மைத்துனரே வந்துவிட்டார், ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னதாக. மேசையைப் பார்த்தார், உப்பு டப்பாவைப் பார்த்தார், விழுந்து விழுந்து சிரித்தார்.

"இவ்வளவுதானா அத்தான்? நான் வந்து உங்க காரை ஓட்டறேன். நீங்களும் அக்காவும் நடங்க."

அட்டவணையாருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. உடனே ஒரு ஸ்பூனை எடுத்து ரப்பருக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நான் வந்தா வீட்டுல அவளும் வருவாளே" என்றார் மைத்துனர்.

இன்னொரு ஸ்பூன்.

"அவ வந்தா ரெட்டைப் பசங்க வருவாங்க."

இரண்டு சின்ன ஸ்பூன்.

"ரப்பர் தாங்காது மாப்பிள்ளை" என்றார் மாமனார்.

உண்மைதான். ஒரு காரில் இத்தனை பேரும் பைகளும் அடங்க மாட்டார்கள். ஆக, மைத்துனர் தன் காரையும் கொண்டுவர வேண்டும். தன் காரைத் தானே ஓட்ட வேண்டும். அப்படியானால் அட்டவணையாரின் காரை ஓட்ட மறுபடியும் அட்டவணையார்தான். சிவப்பு ஓட்டு வீட்டில் இருப்பதோ இரண்டே அறை. எனவே மூன்றாவதாக ஒரு காட்டேஜ். சர்க்கரை டப்பா மேசைக்கு வந்தது.

மனைவி கையைக் கட்டிக்கொண்டு அந்தப் போர்க்களத்தைப் பார்த்தார்.

"இதுல யாரு நடக்கறாங்க?"

அட்டவணையார் எண்ணிப் பார்த்தார். "நீ."

"வேற?"

"நீ மட்டும்தான்."

"நான் ஒருத்தி நடக்கறதுக்கு ஏன் இவ்வளவு பெரிய ஊர்வலம்?"

கடைசி முயற்சியாக அட்டவணையார் நீலக் கதவு வீட்டுக்காரருக்குப் போன் செய்தார். மாமனாரையும் பைகளையும் சாயங்காலம் வரை அங்கேயே விட்டுவைத்தால், நடந்து முடித்தபின் ஏதாவது வண்டி பிடித்து வந்து அழைத்துப் போகலாம். வீட்டுக்காரர் அன்பாகத்தான் பேசினார்.

"தாராளமா இருக்கட்டும் சார். அடுத்து எங்க தங்கறீங்க?"

"சிவப்பு ஓட்டு வீடுன்னு..."

வீட்டுக்காரரின் குரல் மாறியது.

"சார், முன்பணம் கட்டிட்டீங்க, வாங்க. ஒரு ராத்திரி தங்குங்க. காலையில ஆளும் பையும் காலி பண்ணிடணும். அந்த வீட்டுக்குப் போறவங்க பை என் வீட்டுல ஒரு நிமிஷம் கூட இருக்கக் கூடாது. அந்த வீட்டுப் பேச்சையும் என் காதுபட எடுக்காதீங்க."

போன் வைக்கப்பட்டது. இருந்த ஒரே ஓட்டையும் அடைபட்டது.

மைத்துனர் ரிசார்ட்டுக்குப் பணம் கட்டத் தன் போனை எடுத்தார். "அக்கா, கட்டிடவா? டிரெட்மில்லு நல்ல கம்பெனிதான்."

மனைவி வாசலருகே இருந்த ஷூவை ஒரு பார்வை பார்த்தார். அட்டவணையாருக்கு அந்தப் பார்வைதான் தாங்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒரு நகரத்தையே நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பவரால் ஒரே ஒரு ஆளை ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்கு நடத்திக் கூட்டிப்போக முடியவில்லை.

"கட்டு" என்றார் மனைவி மெதுவாக. "இரு, முதல்ல அந்த ரெண்டாவது வீட்டம்மாவுக்கு வரலைன்னு சொல்லிடறேன். பாவம், நமக்காக வீட்டைத் தயார் பண்ணி வெச்சிருப்பாங்க."

ஸ்பீக்கரில் மணி அடித்தது. ஒரு வயதான பெண்குரல் கணீரென்று எடுத்தது.

"அம்மா, நாங்க வர முடியாது போலிருக்கு. மன்னிச்சுக்குங்க" என்று ஆரம்பித்தார் மனைவி. "முந்தின ராத்திரி நீலக் கதவு வீட்டுல தங்கறோம். அங்கேர்ந்து உங்க வீட்டுக்கு நாங்க நடந்துடுவோம். ஆனா எங்கப்பாவையும் பையையும் கொண்டுவந்து சேர்க்க வழியே இல்ல. பஸ் பார்த்தாச்சு, வேன் பார்த்தாச்சு, ரெண்டு கார் கூடப் பார்த்தாச்சு."

ஸ்பீக்கர் கரகரத்தது. அந்தம்மா சிரிக்கிறார் என்று புரிய கொஞ்ச நேரம் பிடித்தது.

"எங்கண்ணன் வீட்டுலேர்ந்து என் வீட்டுக்கு வேனா?"

மைத்துனரின் விரல் போன் மேல் அப்படியே நின்றது. அட்டவணையார் தன் நேர்க்கோட்டை ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை பார்த்தார்.

"நடைபாதை கடலுக்குள்ள நீட்டிக்கிட்டிருக்கற முனையைச் சுத்திக்கிட்டு வருது, ரோடு மெயின் ரோடு வரைக்கும் போய்ச் சுத்திக்கிட்டு வருது. வீடு ரெண்டும் முதுகோட முதுகு ஒட்டித்தாம்மா நிக்குது. நடுவுல ஒரே சுவரு, அதுல ஒரு கதவு, அண்ணன் மேல இருக்கற கோவத்துல நான்தான் என் பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கேன். நீங்க ரெண்டு பேரும் நடக்கக் கிளம்பினதும் உங்கப்பாவை அந்தக் கதவைத் தட்டச் சொல்லு, நான் திறந்து அவரை உள்ள கூட்டிக்கிட்டு பையையும் வாங்கி வெச்சிடறேன்."