ரோண்டாவின் இடுப்பும் என் வரிவிலக்கும்

உடல்நலச் சேமிப்புக் கணக்கில் போட்ட பணம் டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதியோடு ஆவியாகிவிடும் என்று மிச்சிகனில் எங்கள் நாற்காலித் தொழிற்சாலையில் பாதிப் பேர் நம்புகிறார்கள். மனித குலத்தின் மாபெரும் பிழை இது. பூமி தட்டை என்றது இரண்டாவது. ஆவியாவது வேறொரு கணக்கு. அதன் பெயரைச் சொல்லி இந்தப் பக்கத்தை அழுக்காக்க மாட்டேன். நம் கணக்கு சாகாவரம் பெற்றது. வேலை போனாலும் கூடவே வரும்.

சம்பளத்திலிருந்து உள்ளே போகும்போது வரி இல்லை. வளரும்போது வரி இல்லை. வைத்தியத்துக்காக வெளியே வந்தாலும் வரி இல்லை. ஒரே நிபந்தனை: ஆண்டின் முதல் ஐயாயிரம் டாலர் வைத்தியச் செலவை நாமே கட்டுகிற காப்பீட்டில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் காப்பீட்டுக்காரன் கண் விழிப்பான்.

மற்றவர்கள் அந்தச் செலவைக் கணக்கிலிருந்து எடுத்துக் கட்டுவார்கள். மூடர்கள். நான் பதினோரு ஆண்டாக ஒரு சென்ட் தொட்டதில்லை. அத்தனையும் பங்குகளில் கிடந்து கொழுத்தது. அறுபத்தைந்தாம் வயதில் ஒரு படகு வாங்குவது என் தீர்மானம். வைத்தியச் செலவை யார் கட்டினார்கள் என்று கேட்பீர்கள். என் மனைவி ரோண்டாதான், பள்ளிப் பேருந்து ஓட்டுகிற சம்பளத்தில்.

போன மார்ச்சில் அவள் மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“டாரல், இடுப்பு போச்சு. மாத்தியே ஆகணும்கிறார் டாக்டர்.”

“மாத்தலாமே, யார் வேணாம்னது? ஜனவரி வரட்டும்.”

“இப்ப மார்ச்சுப்பா!”

“ஜனவரில பண்ணா ஐயாயிரம் அப்பவே தீர்ந்துடும். அந்த வருஷம் பூரா என் முழங்கை, உன் கண்ணு எல்லாத்தையும் காப்பீட்டுக்காரன் தலையில கட்டிடலாம்.”

“அதுவரைக்கும் மாடி ஏறுறது எப்படி?”

“வலது கால முதல்ல வை.”

“உன் கணக்குல இருபத்தோராயிரம் தூங்குதே மகராசா, அதுல எடுக்கக் கூடாதா?”

“அது வைத்தியத்துக்கான பணம் ரோண்டா! அதப் போய் வைத்தியத்துக்கு எடுக்கச் சொல்றியே!”



“அப்ப இத்தன வருஷம் நான் கட்டின பில்லெல்லாம்?”

“தூக்கிப் போட்டுடாத. கணக்கு தொடங்கின பிறகு ஆன செலவுன்னா, எந்த வருஷம் வேணும்னாலும் அந்தத் தொகைய எடுத்துக்கலாம். ரசீது இருந்தாப் போதும். கெடுவே கிடையாது. எடுத்த காச எதுக்கு வேணும்னாலும் செலவழிக்கலாம்.” நான் படகை நினைத்துக்கொண்டேன்.

“எதுக்கு வேணும்னாலுமா?”

“எதுக்கு வேணும்னாலும்.”

“இன்னொரு தடவ சொல்லேன்.”

சொன்னேன். இத்தனை கால மணவாழ்க்கையில் அவள் என் பேச்சை இரண்டாம் முறை கேட்டது அதுதான் முதல் முறை. நெகிழ்ந்துபோனேன்.

ஏப்ரலில் எங்கள் இருபத்தெட்டாம் திருமண நாள். இந்தக் கணக்குக்கு வங்கி இலவசமாகத் தருகிற இரண்டாவது அட்டையை அவள் பெயரில் வாங்கி, ரிப்பன் கட்டிக் கொடுத்தேன். கணக்கிலிருந்து பணம் எடுக்கும் அதிகாரமும் அதோடு சேர்த்தி. எடுக்கக் கூடாது என்பது மட்டும் என் வேண்டுகோள்.

“அழகா இருக்கு டாரல். பூ வாங்கியிருந்தா வாடியிருக்கும்.”

“அதான் பார்த்தேன்!”

ஜூனில் ஒரு திங்கட்கிழமை கணக்கைத் திறந்தேன். ஆயிரத்து எழுநூற்று நாற்பது டாலர். சமையலறைக்கு ஓடினேன். ரோண்டா தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“ரோண்டா, எவனோ கொள்ளையடிச்சிட்டான்!”

“எவனும் இல்ல, நான்தான். பதினோரு வருஷ ரசீது. பத்தொம்பதாயிரத்து இருநூத்து அறுபது. உன் ரெண்டு பல்லும் அதுல அடக்கம்.”

“என்னக் கேக்காமயா?”

“கேட்டேனே, ரெண்டு தடவ.”

“அபராதம் போடுவான்! வரி போடுவான்!”

“ஒரு சென்ட் போட மாட்டான். கணக்கு தொடங்குறதுக்கு முந்தின வாரத்துக் கண்ணாடி பில்லு ஒண்ணு இருந்துச்சு. செல்லாதுன்னு நானே கிழிச்சுப் போட்டுட்டேன்.”

ரசீதுகளை மேசையில் பரப்பி, ஒரு பிழையாவது அகப்படுமா என்று அரைமணி நேரம் தேடினேன். அகப்படவில்லை. என்னிடம் பாடம் கேட்டவள்.

“காசு எங்க?”

“இடுப்புக்கு ஐயாயிரம். மிச்சத்துல நூலகத்துக்குப் பின்னால ஒரு வீடு பிடிச்சிருக்கேன். தரைத்தளம் டாரல். ஒரு படி கூட இல்ல.”

“நாம அங்க போயி…”

“நாம இல்ல. ஒத்தப் படுக்கையறை.” கையை நீட்டினாள். “அந்தக் கிண்ணத்த எடு. அது எங்கம்மாவோடது.”

ஜூலையில் அறுவை சிகிச்சை நடந்தது. நன்றாக நடக்கிறாள் என்று கேள்வி. செப்டம்பரில் பேருந்துக்காரர்களுக்கான காப்பீட்டில் தனியே சேர்ந்துகொண்டாள்.

நவம்பரில் தொழிற்சாலையில் அடுத்த ஆண்டுக்கான படிவம் கொடுத்தார்கள். ‘குடும்பம்’ என்ற கட்டத்தை விட்டுவிட்டு ‘தனி நபர்’ என்ற கட்டத்தில் குறியிட்டேன். இனி ஆண்டுக்குக் கணக்கில் நான் போடச் சட்டம் அனுமதிக்கிற தொகை முன்பிருந்ததில் பாதி. துல்லியமாகச் சொன்னால், பாதிக்குச் சற்றே மேல்.