ரிஜெக்ட் சாரும் ஒரு சிவப்பு நாற்காலியும்

என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எந்த ‘ழ’ எங்கே வரும் என்பதெல்லாம் எனக்குக் குத்துமதிப்புதான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொண்டு திருத்திக்கொள்ள வேண்டும். நேரில் சொல்லலாமென்றால் நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

சின்னப் பிள்ளைகளுக்குப் புத்தகம் பொறுக்குவதில் ரிஜெக்ட் சாரை மிஞ்ச இந்தியாவிலேயே ஆள் கிடையாது. ஆளில்லாத நாற்காலியிடம் கேட்டு முடிவு செய்கிறவரை யார் மிஞ்ச முடியும்?

அவர் கோயம்புத்தூர்க்காரர். இங்கே, மராத்தி ஊரான சிஞ்ச்வடில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் இன்ஸ்பெக்ஷனில் இருந்தவர். சாமான் சரியாக இருந்தால் சாக்பீஸால் ஒரு டிக், இல்லாவிட்டால் ‘ரிஜெக்ட்’. ரிட்டையரான பிறகு ரிஜெக்ட் செய்ய எதுவுமில்லாமல் மனைவியின் ரசத்தில் கை வைத்தாராம். அந்த அம்மாள்தான் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடி சொசைட்டித் தமிழர்களிடம் சொல்லி இவருக்கு ஒரு வேலை பிடித்துக் கொடுத்தார். சொசைட்டி ஆபீஸுக்குப் பின்னால் ஒரு அறை, ஒரு அலமாரி. பிள்ளைகள் தமிழை மறந்துவிடாமலிருக்க நல்ல புத்தகமாகச் சேர்க்க வேண்டும். நான் அந்த சொசைட்டிக்கு இட்லி மாவு போடுகிறவன். மாவு வாளியோடு போகும்போதெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன்.

புதுப் புத்தகம் வந்தால் முதலில் அதன் முனையைத் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்ப்பார். பிறகு ஒரு பக்கத்தில் பால் ஊற்றுவார். பிறகு அட்டையைக் கடிப்பார். ஒரு கம்ப்யூட்டர் கம்பெனித் தம்பி, சென்னையிலிருந்து ஆசையாக வாங்கி வந்த புத்தகம் இந்தக் கதிக்கு ஆளானதைப் பார்த்து, என்ன சார் இது, நாய் மாதிரி கடிக்கிறீர்களே என்று வருத்தப்பட்டார்.

“ஏனுங்க, கொழந்தை கடிக்காதுங்களா?” என்றார் ரிஜெக்ட் சார், வாயில் இருந்த சாயத்தைத் துடைத்துக்கொண்டே.

இதுவரைக்கும் சிரிக்கலாம். கடைசிச் சோதனைதான் யாரையும் சிரிக்க விடவில்லை.

பாலர் பள்ளியில் போடுவார்களே, அந்த மாதிரி சின்னச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை எதிரே போடுவார். அதன் நான்கு கால்களைச் சுற்றியும் தரையில் சாக்பீஸால் வட்டம் போடுவார். கதவைச் சாத்திவிட்டு, அந்தக் காலி நாற்காலிக்குப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை சத்தமாக வாசிப்பார். முடித்ததும் குனிந்து வட்டத்தைப் பார்ப்பார். நாற்காலி முன்னால் நகர்ந்திருந்தால் புத்தகம் அலமாரிக்குப் போகும். அசையாமல் இருந்தால் ரிஜெக்ட்.

பேங்க் அதிகாரி வீட்டு அம்மாள் ஒரு நீதிக்கதைப் புத்தகம் கொடுத்தார். பக்கத்துக்குப் பக்கம் ஒரு பிள்ளை பொய் சொல்லும், ஒரு பிள்ளைக்குத் தண்டனை கிடைக்கும். அதை வாசித்து முடித்தபோது நாற்காலி பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றதை அந்த அம்மாளே ஜன்னல் வழியாகப் பார்த்தார். அதற்கப்புறம் அவர் அந்தப் பக்கம் வருவதில்லை. கூட்டிப் பெருக்கும் மௌசி, வெளியே பூட்டுத் தொங்கினாலும் கதவைத் தட்டிவிட்டுத்தான் திறப்பாள்.

சொசைட்டி செக்ரட்டரி மட்டும் பயப்படவில்லை. ரயில் பாதை பக்கத்தில் இருக்கிறது, லோக்கல் போகும்போது தரை அதிர்ந்து நாற்காலி நகர்கிறது என்று விளக்கம் சொன்னார்.

“ட்ரெயின் எல்லாப் புஸ்தகத்துக்கும்தானுங்க போகுது” என்றார் ரிஜெக்ட் சார். செக்ரட்டரி எழுந்து போய் ஆபீஸ் விளக்கையெல்லாம் போட்டார்.

நான் அந்த அறைக்குள் போகும்படி ஆனது என் மகள் பொன்னியால். ஐந்து வயது. மராத்திப் பள்ளிக்கூடம். என் மனைவிக்குச் சாயங்காலம் ஹாஸ்டல் சமையல் வேலை, அதனால் அந்த நேரம் வீட்டில் நானும் பொன்னியும்தான். யாரோ கொடுத்த யானைப் புத்தகத்தை எடுத்துவந்து வாசிக்கச் சொல்வாள். எழுத்துக் கூட்டினால் எனக்கு ஒரு வரிக்கே வேர்த்துவிடும். படத்தைப் பார்த்து நானே எதையாவது சொல்லி ஒப்பேற்றினேன்.

ஒருநாள் அவள் புத்தகத்தை மூடினாள். “நேத்து யானை கோவிச்சுக்கிட்டுப் போச்சுன்னீங்க. இன்னைக்குக் கல்யாணத்துக்குப் போச்சுங்கீங்க. நக்கோப்பா, நான் மாடி வீட்டு அக்காகிட்டயே கேட்டுக்கறேன்.”

வேண்டாம் என்பதை மராத்தியில்தான் சொன்னாள். இப்படியே போனால் இனி என்னிடம் எதையுமே கேட்க மாட்டாள் என்று தோன்றியது.

மறுநாள் ரிஜெக்ட் சாரிடம் போய் ஒரு நல்ல புத்தகம் கேட்டேன். பிள்ளைக்கு என்ன வயது, என்ன பிடிக்கும் என்று கேட்பார் என நினைத்தேன். யார் வாசிக்கப் போவது என்று மட்டும் கேட்டார். என் மனைவி என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு நாற்காலியைப் போட்டு, வட்டம் வரைந்து, ஒரு புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

“வாசிங்க தம்பி. அங்க யாருமில்லீங்க, வெக்கப்படாதீங்க.”

யாருமில்லை என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு முதுகு சில்லிட்டது.

முதல் புத்தகத்தில் தடுக்கித் தடுக்கி விழுந்தேன். நாற்காலி அசையவில்லை. “புஸ்தகம் ரிஜெக்டுங்க” என்றார், என்னை அல்ல என்பதுபோல. அடுத்ததும் அப்படியே. மூன்றாவதாகக் கொடுத்தது மெல்லிய புத்தகம். ஒரு எருமைக்கன்று குளம் தேடிப் போகிறது. பக்கத்துக்கு ஒரு வரி. கூடவே, ‘இங்கே இல்லை, இன்னும் கொஞ்சம் போ’ என்று ஒவ்வொரு பக்கத்திலும் வரும். நாலாவது பக்கத்தில் அந்த வரியை நான் எழுத்துக் கூட்டவில்லை. தானாக வந்தது. அதற்கப்புறம் கன்றுக்குக் குளம் கிடைக்குமா என்பதுதான் எனக்குக் கவலை. கரகர என்று தரையில் ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. நான் நிமிரவில்லை. அந்த நேரத்தில் ரயில் எதுவும் போகவில்லை.

குளம் கிடைத்தது. புத்தகத்தை மூடினேன். நாற்காலி என் முழங்காலில் இடித்துக்கொண்டு நின்றது. ரிஜெக்ட் சார் இன்னும் ஜன்னல் பக்கம்தான் திரும்பியிருந்தார்.

“எடுத்துட்டுப் போங்க” என்றார், திரும்பாமலே.

அன்று சாயங்காலம் பொன்னி நம்பிக்கையில்லாமல்தான் உட்கார்ந்தாள். வாசித்தேன். அவள் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி, முதல் பக்கத்தைத் திருப்பி மறுபடி என் கையில் வைத்தாள். திரும்ப வாசித்தேன். அதே கன்று, அதே குளம். மூன்றாவது தடவை, ‘இன்னும் கொஞ்சம் போ’ என்று எனக்கு முன்னால் அவளே சொன்னாள். மாடி வீட்டுக்குப் போகவில்லை.

போன வருஷம் சாருக்குக் கண் மங்கிவிட்டது. விமான நிலையத்துப் பக்கம், லோஹேகாவில் தன் மகள் வீட்டோடு போய்விட்டார். அங்கே தலைக்கு மேல் விமானம் போனால் போனில் ஒன்றும் கேட்காது. இருந்தாலும் வாரம் ஒருமுறை கூப்பிட்டு, அலமாரிக்குப் புதிதாக வந்த புத்தகம் ஒன்றை வாசித்துக் காட்டுவேன். சில சமயம் அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. தூங்கிவிட்டாரா, லைன் போய்விட்டதா, தெரியாது. நான் கதையை முடிக்காமல் போனை வைத்ததில்லை.

எழுதி முடித்தது: ஐப்பசி முதல் ஞாயிற்றுக்கிழமை.