பணிமுறிவு நாள்

மழை தவறினாலும் அரசாணை தவறாத ஒரு நாடு இருந்தது, பெயர் வெண்குன்றம். ஏழைப் பிள்ளைகள் தொழில் படிக்கும் அதன் மக்கள் கல்லூரியில் அலர்மேல் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுத்தாள். தலை நரைத்த பிறகும் தற்காலிக ஆசிரியைதான்.

ஆண்டுக்கு ஒருமுறை அங்கே பணிமுறிவு நாள் வரும். தற்காலிக ஆசிரியர்களுக்கு மாலை போட்டு, வாயாரப் புகழ்ந்து, வேலையை விட்டு நீக்குவார்கள். மறுநாள் காலையில் புதியவர்களாகச் சேர்த்துக்கொள்வார்கள். ஏனென்றால் ஈராண்டு முறியாமல் பணியாற்றியவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று கருணை மிக்க சட்டம் ஒன்று இருந்தது.

அந்தக் கருணை கல்வி அமைச்சரின் மைத்துனர் குலோத்துங்கனுக்கு மட்டும் வாய்த்தது. அவர் கல்லூரிப் பக்கமே வந்ததில்லை. வராதவரை எப்படி வெளியே அனுப்புவது? ஆகவே பணி முறியாமல் பிரசவத் துறைத் தலைவரானார்.

இந்த ஆண்டு அலர்மேல் மாலையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, கல்லூரியின் பிரசவ அறைக்குப் பொன்னுத்தாயி என்ற கூலிக்காரியைத் தூக்கி வந்தார்கள். வயிற்றில் குழந்தை குறுக்கே கிடந்தது.

"இன்று நீங்கள் வெளியாள், அம்மா. உள்ளே போனால் அத்துமீறல்," என்றார் பதிவாளர்.

"அத அந்தப் புள்ளகிட்ட சொல்லுங்க," என்று அலர்மேல் உள்ளே போனாள். தாயும் மகளும் பிழைத்தார்கள்.

அரண்மனை நடுங்கியது. முறிவு நாளிலும் வேலை பார்த்தவளுக்குப் பணி முறியவில்லையே, நிரந்தரமாக்க வேண்டுமே. மறுநாள் ஆணை வந்தது: முறிவு நாளில் வெண்குன்றத்தில் எந்தக் குழந்தையும் பிறக்கவில்லை.

பிள்ளை பெற்றவர்களுக்கு அரசு தரும் பால், பிறக்காத குழந்தைக்கு இல்லை என்று கையை விரித்தார்கள். பொன்னுத்தாயி குழந்தையோடு பதிவாளர் முன் வந்து நின்றாள். "அப்ப இது யாருங்கய்யா?"

"அது அரசின் பரிசீலனையில் உள்ளது."

அலர்மேல் பதிவாளரிடம் நேரே போனாள். மனிதர்களா இவர்கள்?

"நான் உள்ள போகவே இல்லன்னு வச்சுக்குங்க. எனக்கு நிரந்தரமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். அதுக்குப் பால் குடுங்க."

"மகிழ்ச்சி. ஆனால் யாரும் பார்க்காமல் பிரசவம் நடக்கச் சட்டத்தில் இடமில்லை," என்றார் பதிவாளர்.

பார்த்தவர் உடனே உண்டாக்கப்பட்டார். குழந்தை பிறந்ததாகவும், பிரசவம் பார்த்தவர் பேராசிரியர் குலோத்துங்கன் என்றும் முரசு அறைந்தார்கள். பதக்கம் வாங்க மேடை ஏறியவருக்குக் குழந்தையைக் கையில் வாங்கத் தெரியவில்லை. அதனாலென்ன, அந்த மேடையிலேயே அவரைப் பிரசவ அமைச்சராகவும் ஆக்கினார் அரசர். புதிய அமைச்சரின் முதல் ஆணை: இனிப் பதக்கம் பெற்றவர்களே பிரசவம் பார்க்கக் கற்பிக்கலாம்.

அலர்மேலை வெளியே அனுப்பினார்கள். இம்முறை மாலைகூட இல்லை. அவள் மாணவிகள் வாசலில் அழுதுகொண்டு நின்றார்கள்.

பொன்னுத்தாயி பதிவாளரை வழிமறித்தாள். "அந்தம்மாவுக்குத் தகுதி பத்தல, சரி. அமைச்சரா இருக்க என்ன படிச்சிருக்கணுங்கய்யா?"

பதிவாளர் கேள்வியைக் குறித்துக்கொண்டு அரண்மனைக்குப் போனார். மறுநாள் காலையில், அரசைக் கேள்வி கேட்போருக்கு இருக்க வேண்டிய தகுதிகள் குறித்த ஆணை வெளியானது.