முழங்கால் அண்ணையின் கடல் உடுப்பு

ஒஸ்லோவில் வாழும் தமிழர்களில் குதிகால் விடுதலை பெற்ற மனிதர் ஒருவர்தான். மற்ற நாங்கள் எல்லோரும் அடிமைகள். இது என் கருத்தல்ல, அவருடைய கருத்து. பதினொரு ஆண்டுகள் அவருக்கு நேர் மேல்மாடியில் குடியிருந்தவன் என்பதால் இதை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

அவருக்கு ஒரு சொந்தப் பெயர் இருந்தது. தபால்காரருக்கு அது தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் முழங்கால் அண்ணை. என்னைவிட மூன்று வயது இளையவர். ஆனாலும் நானும் அண்ணை என்றுதான் கூப்பிட்டேன். ஒரு மனிதரை ஊரே அண்ணை என்று ஏற்றுக்கொண்ட பிறகு, பிறந்த தேதியைத் தூக்கிக்கொண்டு போய் வாதாட முடியாது.

ஐந்தாம் இலக்க மெட்ரோ முடிகிற வெஸ்ட்லியில், அடுக்குமாடியின் ஏழாம் தளத்தில் தனியாக இருந்தார். பகலில் பேருந்துப் பணிமனையில் திருத்த வேலை. மிச்ச நேரமெல்லாம் குளிர்காலத்தில் டெலிமார்க், பனி உருகியதும் கயாக். டெலிமார்க் என்றால் என்னவென்று கேட்டுவிடக் கூடாது. கேட்டால் செய்து காட்டுவார். சாதாரண மலைச் சறுக்கலில் சப்பாத்து முழுவதும் ஸ்கீயோடு பூட்டியிருக்கும். டெலிமார்க்கில் விரல் பக்கம் மட்டுமே பூட்டு. குதிகால் மேலே எழும்பும். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு முழங்காலை மடித்து, கிட்டத்தட்ட மண்டியிட்டபடி இறங்க வேண்டும்.

"குதிகாலைப் பூட்டிப்போட்டு மலைக்கு என்னத்துக்குப் போறியள்?" என்பார். "வீட்டிலை கதிரையிலை இருங்கோவன்."

ஒரு பிள்ளையின் பூப்புக் கொண்டாட்டமான சாமத்திய வீட்டில், வடைக்கு வரிசையில் நின்ற ஒருவர் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டார். அண்ணை வேட்டியுடன் இடப்பக்கத் திருப்பத்தைச் செய்து காட்டினார். வேட்டி கிழிந்த சத்தம் மணவறைவரை கேட்டது. அவர் நிறுத்தவில்லை. வலப்பக்கத்தையும் முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். "ஒரு பக்கத்தோடை விட்டால் இடுப்புக்குக் கூடாது" என்று விளக்கம் வேறு.

அவருடைய வீட்டில் நடைபாதை ஸ்கீகளுக்கு. குளியல்தொட்டி கயாக்கின் பாவாடைக்கு. கயாக்கில் இருப்பவரின் இடுப்பைச் சுற்றித் தண்ணீர் உள்ளே போகாமல் மூடுகிற விரிப்பு அது. அவர் அதைப் பாவாடை என்றுதான் சொல்லுவார். பல்கனி கடல் உடுப்புக்கு. குளிர்ந்த கடலில் விழுந்தாலும் உடம்பில் ஒரு துளி படாமல் காக்கும் உடுப்பு. கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கமான றப்பர் பட்டி. அவரிடம் பழையது ஒன்றும் புதியது ஒன்றும் இருந்தன. புதியது செம்மஞ்சள் நிறம். உப்புத் தண்ணீரில் போய்வந்தால் அதை நல்ல தண்ணீரில் கழுவி, உள்ளே பத்திரிகைத்தாள் அடைத்து, பல்கனிக் கதிரையில் இருத்திவிடுவார்.

எதிர்க் கட்டடத்து அக்கா ஒருவர் என் மனைவிக்குத் தொலைபேசி எடுத்தார்.

"உங்கடை கீழ்வீட்டுத் தம்பிக்கு ஆரோ விருந்தாளி வந்திருக்கினமோ? மூண்டு நாளா அந்த மனுசன் வெளியிலைதான் இருக்குது. உள்ளுக்கை விடுறாரில்லைப் போலை."

மனைவி மனம் பொறுக்காமல் இரண்டு பேருக்குத் தோசை கட்டிக் கொடுத்துவிட்டாள். அண்ணை ஒன்றும் கேட்காமல் இரண்டு பேரின் பங்கையும் சாப்பிட்டார்.

அந்தப் பொருட்களில் யாரும் கைவைக்கக் கூடாது. ஸ்கீ முனையை மிதித்த ஒரு நோர்வீஜியருடன் இரண்டு வாரம் கதைக்கவில்லை. புது உடுப்பை அவர் யாருக்கும் இரவல் கொடுத்ததில்லை.

நாங்கள் லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கிப் போன பிறகு அவரைக் காண்பது குறைந்தது. அப்போதுதான் என் மகள் மயூரிக்குப் படைச் சேவைக்கு அழைப்பு வந்தது. இந்த நாட்டில் அது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான விடயம். ஆனாலும் படை என்பது எங்கள் வீட்டில் எளிதாக வாயில் வருகிற சொல் அல்ல. ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் வடக்கே போகவேண்டும். ஒரு வருடம்.

மார்கழியில் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் கேட்டாள்.

"அப்பா, போறதுக்கு முதல் ஒருக்கா என்னோடை கயாக்கிலை வாங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம்."

அவள் பதினான்கு வயதிலிருந்து துடுப்புப் போடுகிறவள். அந்த ஐந்து வருடமும் நான் தேநீர்க் குடுவையுடன் கரையில் நின்றேன். அவள் புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம் எல்லாம் என் நாட்குறிப்பில் இருக்கின்றன. எனக்கும் கடலுக்கும் இருந்த தொடர்பு அவ்வளவுதான். நாற்பது வயதில் நீச்சல் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் எடுத்திருக்கிறேன். ஆனால் கால் எட்டுகிற இடத்தில் மட்டும்தான் நீந்துவேன். அவளுக்கு நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மறுநாள் வெஸ்ட்லிக்குப் போனேன்.

அண்ணை முழுவதையும் கேட்டார். "ஏப்ரலோ? அப்ப நேரமில்லை. இந்தச் சனிக்கிழமையே ஸ்கீயிலை தொடங்குவம்."

"அண்ணை, அவள் கேட்டது கயாக்."

"தெரியும். நீர் பயப்பிடுறது தண்ணிக்கில்லை, கவிழுறதுக்கு. கவிழப் பழகுற இடம் பனி. அங்கை மூச்சு முட்டாது."

சனிக்கிழமை வெஸ்ட்லிக்குப் பின்னால் காட்டோரச் சரிவில் நின்றேன். மாலையில் தேநீர் குடிக்கும்போது கணக்கைச் சொன்னேன்.

"நாப்பத்தி மூண்டு தரம் விழுந்தனான்."

"எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம் முப்பத்தொண்டு. வலப்பக்கம் பன்னிரண்டு."

"வலப்பக்கம் பழக்கம் காணாது" என்றார் கவலையுடன். "நாளைக்கு வலப்பக்கமா விழும்."

மாசி முடிவதற்குள் நான் இரு பக்கமும் சமமாக விழக் கற்றுக்கொண்டேன். முழங்காலை மடிக்கவும் ஓரளவு வந்தது. பங்குனியில் நீச்சல் தடாகத்துக்கு இறங்கினோம். கயாக்கில் இருந்தபடி வேண்டுமென்றே கவிழ்ந்து, தலைகீழாகத் தண்ணீருக்குள் இருக்கையில் பாவாடையைக் கழற்றி வெளியே வரவேண்டும்.

அண்ணை கரையில் நின்று சத்தமாகக் கேட்டார்: "கவிழ்ந்த உடனை என்ன செய்வீர்?"

"பாவாடையைக் கழட்டுவன்."

"கேக்கேல்லை."

"பாவாடையைக் கழட்டுவன்!"

பக்கத்துத் தடத்தில் நீந்திக்கொண்டிருந்த ஒரு தமிழ்ப் பெண்மணி மூன்று தடம் தள்ளிப் போய்விட்டார்.

முதல் தடவை நான் கவிழ்ந்தபோது கைகள் எதையும் தேடவில்லை, விறைத்துப் போயின. அப்போது தலைக்கு மேலே, கயாக்கின் அடியில், யாரோ விரலால் தட்டும் சத்தம் கேட்டது. டக், டக், டக். அண்ணை தண்ணீரில் இறங்கி நின்று தட்டிக்கொண்டிருந்தார். நான் இஞ்சைதான் நிக்கிறன் என்பதற்கு அவர் வைத்திருந்த முறை அது. என் கை பாவாடைப் பட்டியைக் கண்டுபிடித்தது. இழுத்தேன். வெளியே வந்தேன். நான் இருமி முடிக்கும்வரை கயாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "இடப்பக்கம்தான் கவிழ்ந்தனீர்" என்றார்.

பயணத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் பழைய கடல் உடுப்பை என்னிடம் தந்து, வீட்டில் போட்டுப் பழகச் சொன்னார். அங்கேதான் பிழை விட்டேன். கழுத்துப் பட்டிக்குள்ளால் என் தலை போகவில்லை. காதுவரை வந்து நின்றது. மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இஞ்சாருங்கோ, மோதிரம் விரலிலை இறுகினால் என்ன செய்யிறனாங்கள்? எண்ணெய் போடுறேல்லையே?"

நல்லெண்ணெய் பூசினேன். தலை வழுக்கிக்கொண்டு போனது. ஆறு வீடு தள்ளிக் கேட்கும் அளவுக்குச் சந்தோஷப்பட்டேன். எதையும் அரைகுறையாகச் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை. கழுத்துப் பட்டி, இரு மணிக்கட்டுப் பட்டிகள், மூன்றுக்கும் காலையும் மாலையும் ஒழுங்காகப் பூசி வந்தேன்.

அந்த ஞாயிறு வந்தது. செவ்வாய் அவள் புறப்படுகிறாள். வேறு நாள் இல்லை. ஹவுகெட்டோ ரயில் நிலையத்திலிருந்து கீழே நடந்தால் வருகிற சிறு குடாவில் மூவரும் நின்றோம். கரையோர நிழலில் இன்னும் பழைய பனி கிடந்தது. அண்ணை செம்மஞ்சள் உடுப்பில் தயாராக இருந்தார். பயணம் முழுவதும் எனக்குப் பக்கத்தில் வருவதாக ஏற்பாடு. சாமான் ஏற்றும் பொறுப்பு என்னுடையது. பட்டியல் போட்டுச் செய்து முடித்திருந்தேன்.

பழைய உடுப்புக்குள் இறங்கித் தலையை நுழைத்தேன். சத்தம்கூட வரவில்லை. கழுத்துப் பட்டி கனிந்த வாழைப்பழத் தோல்போல முன்பக்கம் முழுவதும் பிரிந்தது.

அண்ணை கிட்ட வந்து மோந்து பார்த்தார்.

"நல்லெண்ணெயோ?"

"ஓம்."

"றப்பருக்கு எண்ணெய் எமன். எத்தினை நாள் பூசினனீர்?"

"ஆறு நாள்."

"விடாமலோ?"

"ரெண்டு நேரமும்."

அவர் கண்ணை மூடினார். "ஒரு சோம்பேறியிட்டைக் குடுத்திருந்தால் இந்தச் சட்டை தப்பியிருக்கும்."

மயூரி என் கையைப் பிடித்தாள். "ஸ்லப் அவ், அப்பா. பதட்டப்படாதேங்கோ. பரவாயில்லை. வந்தாப்பிறகு போவம்." ஆறுதல் சொன்னவள் என்னைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்தாள். எனக்கு அந்தக் குடாவில் அப்படியே இறங்கிவிடலாம் போலிருந்தது. அந்தக் குளிர்த் தண்ணீரில் உடுப்பில்லாமல் விழுந்தால் என்ன ஆகும் என்று மூவருக்கும் தெரியும்.

அண்ணை இறங்குதுறையின் நுனிவரை நடந்துபோய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். இனி இரண்டு வாரம் கதைக்க மாட்டார் என்று நினைத்தேன். திரும்பி வந்தார். வந்துகொண்டே முதுகுப் பக்கத்து ஸிப்பை இழுத்தார். தலை கழுத்துப் பட்டிக்குள் மாட்டியிருந்தபோதே உள்ளிருந்து குரல் வந்தது.

"வெறுங்கழுத்தோடை போடும். எண்ணெய்ப் போத்தல் இதுக்குக் கிட்டவும் வரக்கூடாது."

"அண்ணை, நீங்கள் வராமல் நான் எப்பிடி..."

"என்னோடை போனால் அது வகுப்பு. மகளோடை போனால்தான் பயணம்." தலை வெளியே வந்தது. "பிள்ளை என்னைவிட நல்லாத் துடுப்புப் போடுவாள். அதை அவளுக்குச் சொல்லிப்போடாதையும்."

மயூரி இரண்டடி தள்ளித்தான் நின்றாள்.

செம்மஞ்சள் உடுப்பு எனக்குத் தொளதொள என்றிருந்தது. கழுத்து மட்டும் சரியாகப் பிடித்தது. புறப்பட்டோம். எதிரே தெரிந்த பாறைத்தீவுக்குப் பத்து நிமிடத் தூரம். பாதி வழியில் ஒரு மோட்டார்ப் படகு எங்களைக் கடந்து போனது. அதன் அலை பக்கவாட்டில் வந்தது. கயாக் சாய்ந்தது, இடப்பக்கமாக. என் கைகள் மறுபடி விறைத்தன.

"முழங்கால்!" என்று ஒரு குரல் கரையிலிருந்து தண்ணீருக்கு மேலால் வந்தது. "முழங்காலாலை பிடியும்!"

இரண்டு முழங்கால்களையும் கயாக்கின் மேற்சுவரில் அழுத்தினேன், இடுப்பைத் தளர விட்டேன். சரிவில் செய்த அதே வேலை. கயாக் ஒருமுறை யோசித்துவிட்டு நிமிர்ந்தது. மயூரி என்னைப் பார்த்து வாயைத் திறந்தாள், மூடினாள், சிரித்தாள்.

தீவில் பாறையின் மேல் இருந்து தேநீர் குடித்தோம். அவள் கரையைப் பார்த்தாள்.

"இஞ்சையிருந்து பாத்தால் நீங்கள் எப்பவும் சின்னனாத் தெரிவியள் அப்பா. கையிலை குடுவை மட்டும் மினுங்கும். நான் போற இடமெல்லாம் திரும்பித் திரும்பிப் பாக்கிறனான்."

நானும் கரையைப் பார்த்தேன். அங்கே நடைபாதையில், நாய்களோடு உலாவும் கனவான்களுக்கு நடுவே, சாம்பல் நிறக் கம்பளி உள்ளாடை மட்டும் அணிந்த ஒரு மனிதர் கைகளை அக்குளில் வைத்துக்கொண்டு, எங்கள் திசைக்கு நேராக மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தார்.

"அப்பா, முழங்கால் மாமாவின்ரை உடுப்பு எங்கை?"

என் கயாக்கின் சாமான் அறையைத் திறந்தோம். நீர்புகாப் பையில் அவருடைய காற்சட்டை, மேற்சட்டை, சப்பாத்து எல்லாம் மடிப்புக் குலையாமல் இருந்தன. பட்டியலில் ஏழாவது பொருள்.

வந்த நேரத்தில் பாதியில் திரும்பினோம். கயாக் மணலைத் தொட்டபோது அண்ணையின் உதடுகள் நீலமாக இருந்தன. அவர் முதலில் என் கழுத்தைத்தான் பார்த்தார்.

"தண்ணி உள்ளுக்கை பூந்ததோ?"

"ஒரு துளியும் இல்லை அண்ணை."

"பட்டி நல்லாயிருக்குது" என்றார். பற்கள் தந்தியடித்தன.

மயூரி துடுப்பைப் போட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மேற்சட்டையை அவர் தோளில் போர்த்து, அப்படியே இறுக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கரையேறி வந்த தகப்பன் நான் இரண்டாவதாக நின்றேன். எனக்கு அந்த வரிசை சரியாகத்தான் பட்டது.